மிட்வே கடற்போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஏழு கப்பல்கள் நிற்கின்றன. எழுநூறில் ஒரு பங்கு அளவில் நானே ஒட்டி வண்ணம் அடித்த பிளாஸ்டிக் மாதிரிகள். நான்கு ஜப்பானுடையவை: அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ. மூன்று அமெரிக்காவுடையவை: என்டர்பிரைஸ், ஹார்னெட், யார்க்டவுன். இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூன் 4ஆம் தேதி பசிபிக் கடலின் நடுவே மோதிக்கொண்ட விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்த ஏழும்தான். அன்று காலை மிதந்த ஏழில் ஐந்து, மூன்றே நாளில் கடலடிக்குப் போய்விட்டன.

வீட்டுக்கு வருகிறவர்கள் காபி ஆறும்வரை அலமாரி முன்னால் நின்று ஏதாவது கேட்பார்கள். சினிமா பார்த்துவிட்டு வந்த பையன்கள், ஓய்வு பெற்ற வாத்தியார், மச்சினன் வீட்டுக் குழந்தைகள் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே.

மிட்வேன்னா ஊரா, கடலா? எங்க இருக்கு?

பவழத்தீவு. ஹவாயின் ஹொனலூலுவிலிருந்து வடமேற்கே சுமார் 2,100 கிலோமீட்டர். ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவழியில் இருப்பதால் அந்தப் பெயர். சாண்ட் தீவு, ஈஸ்டர்ன் தீவு என்று இரண்டு மணல் திட்டுகள், சுற்றிப் பவழப் பாறை, அவ்வளவுதான். 1942இல் அங்கே அமெரிக்காவின் விமான ஓடுபாதையும் ஒரு காவல் படையும் இருந்தன.

சண்டை நடந்தது தீவில் இல்லை. தீவின் மேல் குண்டு விழுந்தது உண்மைதான், ஆனால் கப்பல்கள் மூழ்கியது தீவுக்கு வடக்கேயும் வடமேற்கேயும் உள்ள ஆழ்கடலில். ஒரு தரப்புக் கப்பல் மறுதரப்பு விமானந்தாங்கியைக் கண்ணால் பார்க்கவே இல்லை. பார்த்தவர்கள் விமானிகளும் நீர்மூழ்கிக்காரர்களும்தான்.

ஒரு புத்தகத்துல ஜூன் 4, இன்னொண்ணுல ஜூன் 5. எது சரி?

இரண்டும் சரி. ஜப்பான் கடற்படை எங்கே போனாலும் டோக்கியோ நேரத்தையே வைத்துக்கொண்டது. தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஜூன் 4 காலை, டோக்கியோவில் ஜூன் 5. இங்கே எல்லாம் மிட்வே நேரத்தில் சொல்கிறேன்.

பெரிய பீரங்கிக் கப்பல்லாம் இருந்துச்சே, அப்புறம் எதுக்கு விமானந்தாங்கிக்கு இவ்ளோ மவுசு?

யமாட்டோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் பீரங்கி வாய் 46 சென்டிமீட்டர் அகலம். உலகத்திலேயே அதைவிடப் பெரிய கப்பல் பீரங்கி கிடையாது. அது எறியும் குண்டு சுமார் 42 கிலோமீட்டர் போகும். விமானந்தாங்கியிலிருந்து கிளம்பும் விமானம் 300 கிலோமீட்டர் தாண்டிப் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வரும். யமாட்டோவும் மிட்வேக்கு வந்தது. பல நூறு கிலோமீட்டர் பின்னால் நின்றது. எதிரியின் மேல் ஒரு குண்டுகூடச் சுடாமல் ஊர் திரும்பியது.

ஆனால் விமானந்தாங்கிக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. கல்யாண வீட்டில் பந்தி போடுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவர்கள் எழுந்தால்தான் அடுத்த இலை போட முடியும். கப்பலின் மேல்தளம் ஒன்றுதான். விமானம் இறங்கிக்கொண்டிருந்தால் எதையும் கிளப்ப முடியாது. கிளம்ப வேண்டியவற்றை வரிசையாக நிறுத்திவிட்டால் எதுவும் இறங்க முடியாது. கீழே விமானங்கள் நிற்கும் கொட்டடியிலிருந்து லிஃப்டில் ஒவ்வொன்றாக ஏற்றி, நிறுத்தி, எஞ்சினைச் சூடேற்றிக் கிளப்பச் சுமார் முக்கால் மணி நேரம். இந்தப் பந்திக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு அதுதான் பதில்.

அந்த மணல் திட்டு ஜப்பானுக்கு எதுக்கு?

திட்டு ஒரு தூண்டில் புழு. ஹவாயில் அமெரிக்கக் கடற்படைத் துறைமுகமான பேர்ல் ஹார்பரை 1941 டிசம்பரில் ஜப்பான் அடித்தபோது அமெரிக்க விமானந்தாங்கிகள் ஒன்றுகூடத் துறைமுகத்தில் இல்லை. அவற்றை வெளியே இழுத்து ஒரே அடியில் முடித்துவிட வேண்டும் என்று ஜப்பானியப் போர்க்கப்பல் படையின் தலைவர் அட்மிரல் யமமோட்டோ துடித்தார். மிட்வேயைத் தொட்டால் அமெரிக்கா ஓடி வந்தே தீரும் என்பது அவர் எண்ணம்.

டோக்கியோவில் இந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பு இருந்தது. 1942 ஏப்ரல் 18இல் ஹார்னெட்டிலிருந்து கிளம்பிய 16 அமெரிக்க பி-25 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோ உட்படச் சில நகரங்களில் குண்டு போட்டன. சேதம் சொற்பம். ஆனால் சக்கரவர்த்தி இருக்கும் நகரத்தில் குண்டு விழுந்துவிட்டதே என்ற அவமானம் பெரிது. அதன் பிறகு எதிர்ப்புக் குரல் அடங்கிப்போனது.

யமமோட்டோகிட்ட கப்பல் ஏராளமா இருந்துச்சே, எப்படித் தோத்தார்?

எண்ணிக்கை இருந்தது, ஒரே இடத்தில் இல்லை. ஒரு பகுதி வடக்கே அலூஷியன் தீவுகளுக்குப் போனது, அதில் ரியூஜோ, ஜுன்யோ என்று இரண்டு விமானந்தாங்கிகள். தரைப்படையை ஏற்றிய கப்பல்கள் ஒரு வழியாக வந்தன, யமமோட்டோவின் பீரங்கிக் கப்பல்கள் இன்னொரு வழியாக. சண்டை நடந்த இடத்தில் வைஸ் அட்மிரல் நகுமோவின் நான்கு விமானந்தாங்கிகளும் காவலுக்குச் சில கப்பல்களும்தான். அமெரிக்கத் தரப்பில் மூன்று விமானந்தாங்கிகளோடு மிட்வேயின் ஓடுபாதையையும் சேர்த்தால் விமான எண்ணிக்கை அமெரிக்காவுக்குத்தான் அதிகம்.

ஜப்பானின் மிகச் சிறந்த ஆறு விமானந்தாங்கிகளில் இரண்டு வரவே இல்லை. மே மாதம் ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே நடந்த பவழக்கடல் சண்டையில் ஷோகாகு அடிபட்டது. ஸுய்காகுவுக்குக் காயமில்லை, ஆனால் அதன் விமானங்களும் விமானிகளும் நிறையப் போயிருந்தார்கள். ஷோகாகுவின் விமானிகளை இதில் ஏற்றி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு கப்பலின் விமானப் பிரிவை இன்னொரு கப்பலுக்கு மாற்றும் பழக்கம் அவர்களிடம் இல்லை. அமெரிக்கா அதே நேரத்தில் என்ன செய்தது என்பதை யார்க்டவுன் கேள்வியில் பாருங்கள்.

தண்ணி இல்லன்னு பொய் சொல்லி ஜப்பானை ஏமாத்தினாங்களாமே, நிஜமா?

நிஜம். பேர்ல் ஹார்பரில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் கமாண்டர் ஜோசப் ரோஷ்ஃபோர்ட்டின் குழு ஜப்பானியக் கடற்படையின் சங்கேதச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்தது. உடைத்தது என்றால் முழுசாக அல்ல, அங்கங்கே சில சொற்கள். பெரிய தாக்குதல் வருகிறது, இலக்கின் பெயர் ‘ஏஎஃப்’ என்பது தெரிந்தது. ஏஎஃப் எது? ரோஷ்ஃபோர்ட் மிட்வே என்றார். வாஷிங்டனில் இருந்தவர்கள் நம்பவில்லை.

கடலடிக் கேபிள் வழியாக மிட்வேக்கு ரகசியமாகச் சொல்லி அனுப்பினார்கள்: கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வானொலியில் வெளிப்படையாகப் புலம்புங்கள். புலம்பினார்கள். சீக்கிரமே ஜப்பானியச் செய்தி ஒன்று ஏஎஃப்பில் குடிநீர்த் தட்டுப்பாடு என்றது.

இதற்கு அடுத்த கட்டம்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். எட்வின் லேட்டன் என்ற உளவு அதிகாரி, ஜப்பானிய விமானந்தாங்கிகள் வடமேற்கிலிருந்து 325 பாகையில், மிட்வேயிலிருந்து 175 மைல் தொலைவில், காலை 6 மணிக்குக் கண்ணில் படும் என்று அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸிடம் முன்கூட்டியே சொன்னார். அன்று காலை உளவு விமானத்தின் செய்தி வந்ததும் நிமிட்ஸ் அவரைப் பார்த்து, ஐந்து மைலும் ஐந்து பாகையும் ஐந்து நிமிடமும்தான் தப்பு என்றாராம்.

யார்க்டவுனை மூணே நாள்ல ரிப்பேர் பண்ணாங்கன்னு சொல்றது கதையா?

பவழக்கடலில் அடிபட்ட யார்க்டவுன் மே 27 அன்று பேர்ல் ஹார்பருக்கு வந்தது. முழுசாகச் சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்றுதான் மதிப்பீடு. உலர்துறையில் ஏற்றிச் சுமார் 1,400 பேர் இரவு பகலாக வேலை பார்த்தார்கள். மே 30 காலை கப்பல் கிளம்பிவிட்டது.

அதை ‘ரிப்பேர்’ என்று சொல்லக் கூடாது, ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள். வெடித்த இடத்தில் தகடு, சாய்ந்த இடத்தில் மரமுட்டு. மிதக்க வேண்டும், ஓட வேண்டும், விமானம் ஏற்றி இறக்க வேண்டும், அது போதும். குறைந்துபோன விமானப் பிரிவுகளுக்குப் பதில் வேறொரு கப்பலான சாரடோகாவின் பிரிவுகளை ஏற்றிக்கொண்டார்கள். ஜப்பான் ஸுய்காகுவுக்குச் செய்யாததை இங்கே செய்தார்கள். ஜப்பானியர்கள் இந்தக் கப்பல் மூழ்கிவிட்டது, தப்பியிருந்தாலும் வரமுடியாது என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அண்ணே, அகாகியில கோபுரத்தைத் தப்பான பக்கம் ஒட்டிட்டீங்களா?

இல்லை தம்பி. நூறு பேர் கேட்டாயிற்று. விமானந்தாங்கிகளில் கட்டளைக் கோபுரம் வலப்பக்கம்தான் இருக்கும். அகாகியிலும் ஹிர்யூவிலும் மட்டும் இடப்பக்கம். ஜோடியாகப் போகும்போது வசதி என்று ஏதோ யோசித்துச் செய்தார்கள், காற்றோட்டம் கெட்டு விமானம் இறங்குவது சிரமமானது. பிறகு வந்த கப்பல்களில் விட்டுவிட்டார்கள்.

அகாகி பிறக்கும்போதே விமானந்தாங்கி அல்ல. 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் பெரிய போர்க்கப்பல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டதால், பாதி கட்டியிருந்த உடலை விமானந்தாங்கியாக மாற்றினார்கள். காகாவும் அப்படித்தான். முதலில் அகாகிக்கு மூன்றடுக்கு ஓடுதளம் இருந்தது. 1938இல் ஒன்றாக்கினார்கள். நான் வைத்திருப்பது அந்த வடிவம், 260 மீட்டர் கப்பல், என் அலமாரியில் 37 சென்டிமீட்டர்.

கொழும்பு மேல குண்டு போட்டதும் இதே கப்பல்களா?

காகாவைத் தவிர மற்ற மூன்றும். காகா பலாவ் தீவருகே பாறையில் உரசிப் பழுதுபார்க்க ஊர் திரும்பியிருந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு. ஏப்ரல் 9, திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரிட்டனின் விமானந்தாங்கி ஹெர்மிஸை மூழ்கடித்தார்கள். அதன் உடல் இன்றும் அங்கே கிடக்கிறது, முக்குளிப்பவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். ஏப்ரல் 6இல் ரியூஜோவின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக ஓடியது அந்த ஏப்ரலில்தான். வீட்டில் பெரியவர்கள் ‘எவாகுவேஷன்’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

இலங்கைப் பயணத்தில் நகுமோவுக்கு இரண்டு எச்சரிக்கைகள் கிடைத்தன. கொழும்பை இரண்டாம் முறை அடிக்க ஏற்பாடு நடக்கும்போது கடலில் எதிரிக் கப்பல்கள் இருப்பதாகச் செய்தி வர, விமானங்களில் மாட்டுவது தரையை அடிக்கும் குண்டா, நீருக்குள் பாய்ந்து கப்பலைத் துளைக்கும் டார்பிடோவா என்று கப்பலுக்குள் குழப்பம். இன்னொரு நாள் ஒன்பது பிரிட்டிஷ் விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் வந்து அகாகியின் பக்கத்தில் குண்டு போட்டன. எதுவும் படவில்லை. படாததால் யாரும் பாடம் படிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மிட்வேயில் அதே இரண்டும் ஒன்றாக வந்தன.

ஜீரோ விமானத்தை அடிக்கவே முடியாதுன்னு சொல்வாங்களே?

ஜப்பானியக் கடற்படையின் சண்டை விமானம். 1942 நடுவில் பசிபிக்கில் அதுதான் ராஜா. வேகமாக மேலேறும், சட்டென்று திரும்பும், வெகுதூரம் பறக்கும். ‘ஜீரோ’ என்ற பெயர் ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2600இன் கடைசிச் சுழியிலிருந்து வந்தது. நம் கணக்கில் 1940.

இந்தச் சுறுசுறுப்புக்கு விலை உண்டு. எடையைக் குறைக்க விமானிக்குக் கவசத் தகடு வைக்கவில்லை, துளை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை. நாலு தோட்டா சரியாகப் பட்டால் தீப்பந்தம். அதன் இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்குத் தலா 60 ரவைதான். சில நொடிகளில் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் கப்பலில் இறங்கி நிரப்ப வேண்டும். பந்திக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அன்று காலை கப்பலின் மேல்தளம் முழுக்க முழுக்க இதற்கே போனது.

சரி, அன்னிக்குக் காலையில என்னதான் நடந்துச்சு? சுருக்கமா சொல்லுங்க.

நாலரை மணி, நகுமோ 108 விமானங்களை மிட்வேக்கு அனுப்பினார். மீதிப் பாதியை, கப்பல்களைத் தாக்கும் ஆயுதத்தோடு கீழே வைத்துக்கொண்டார். ஏழு மணி, தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டொமோனாகா, இன்னொரு முறை அடிக்க வேண்டும் என்று செய்தி அனுப்பினார். ஏழேகாலுக்கு நகுமோ, கீழே இருப்பவற்றில் டார்பிடோவைக் கழற்றித் தரைக்குண்டு மாட்டச் சொன்னார். ஏழே முக்கால் வாக்கில், எதிரிக் கப்பல்கள் பத்து இருப்பதாக டோனே என்ற குரூஸரின் உளவு விமானம் சொன்னது அவர் கைக்கு வந்தது. மாற்றுவதை நிறுத்தச் சொன்னார். எட்டு இருபதுக்குத்தான் அவற்றில் ஒன்று விமானந்தாங்கி போலிருக்கிறது என்ற செய்தி. அதற்குள் மிட்வே போன விமானங்கள் எண்ணெய் தீர்ந்து தலைக்கு மேல் வட்டமடித்தன.

இதற்கிடையே மிட்வேயிலிருந்தும் அமெரிக்கக் கப்பல்களிலிருந்தும் தாக்குதல் ஓயாமல் வந்தது. பத்து மணி வரை ஒரு குண்டோ டார்பிடோவோ படவில்லை. பத்து இருபது தாண்டி, மேலே மேகத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்த டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானங்கள் காகா, அகாகி, சோர்யூ மூன்றையும் பற்றவைத்தன. தள்ளி நின்ற ஹிர்யூ மட்டும் மிஞ்சியது.

குண்டை மாத்தி மாத்தியே கோட்டை விட்டாரே, நகுமோ முட்டாளா?

சும்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். எட்டரை மணிக்கு அவர் முன்னால் இரண்டு வழி. ஹிர்யூவிலிருந்த ரியர் அட்மிரல் யமகுச்சி சொன்னபடி, கையில் இருப்பதை இருக்கிறபடியே உடனே அனுப்புவது. அப்படிச் செய்தால் விமானங்களை மேலேற்றி நிறுத்த முக்கால் மணி, அதற்குள் வட்டமடிக்கும் விமானங்கள் கடலில் விழும். துணைக்குப் போகப் போதுமான ஜீரோக்களும் கையில் இல்லை. இன்னொரு வழி, வந்தவற்றை முதலில் இறக்கிவிட்டு முழுப் பலத்தோடு ஒழுங்காக அடிப்பது. அவர் கற்ற பாடமெல்லாம் இரண்டாவதைத்தான் சொன்னது. அதையே செய்தார்.

என் கருத்து: எட்டரைக்கு எதைச் செய்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. அமெரிக்க விமானங்கள் ஏழு மணியிலிருந்தே கிளம்பத் தொடங்கிவிட்டன. தப்பு நடந்தது அதற்கும் முன்னால், எதிரி பக்கத்தில் இருக்க மாட்டான் என்று நினைத்து வெறும் ஏழு உளவு விமானங்களை அவ்வளவு பெரிய கடலுக்கு அனுப்பியபோது.

டார்பிடோ விமானத்துல போனவங்க எல்லாம் வீணா செத்தாங்களா?

மூன்று அமெரிக்கக் கப்பல்களிலிருந்தும் 41 டெவஸ்டேட்டர் டார்பிடோ விமானங்கள் போயின. மெதுவான விமானம். டார்பிடோ போட வேண்டுமென்றால் தாழ்வாக, நேராக, இன்னும் மெதுவாகப் பறக்க வேண்டும். ஹார்னெட்டின் எட்டாம் டார்பிடோ பிரிவு 15 விமானங்களில் 30 பேராகப் போனது. 15உம் விழுந்தன. உயிர் பிழைத்தவர் ஜார்ஜ் கே ஒருவர்தான், கடலில் மிதந்தபடி மீதிச் சண்டையைப் பார்த்தார். 41இல் திரும்பி வந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒரு டார்பிடோகூட இலக்கில் வெடிக்கவில்லை.

இவர்கள் ஜீரோக்களைக் கீழே இழுத்துவிட்டதால்தான் மேலே வழி திறந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. பாதி சரி. எட்டாம் பிரிவு தாக்கியது ஒன்பது இருபது வாக்கில். ஒரு மணி நேரம் கழித்து வந்த டான்ட்லெஸ்களுக்காக ஜீரோக்கள் கீழேயே காத்திருக்கவில்லை, மேலேற அவர்களுக்குச் சில நிமிடம் போதும். யார்க்டவுனின் டார்பிடோ பிரிவு மட்டும் அதே நேரத்தில் வேறு திசையில் வந்து ஜீரோக்களை இழுத்தது. மற்றவர்கள் செய்தது வேறு உதவி. தாக்குதல் வந்தால் கப்பல் நெளிந்து ஓடும், ஜீரோக்கள் இறங்கி ஏறும், மேல்தளம் காலியாகாது. இலை போடவே விடவில்லை. வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

அஞ்சே நிமிஷத்துல மூணு கப்பல். அது சுத்த அதிர்ஷ்டம்தானே?

எல்லாரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. என்டர்பிரைஸின் விமானங்களை நடத்திய வேட் மெக்ளஸ்கி சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தபோது வெறும் கடல். எண்ணெய் குறைந்துகொண்டிருந்தது. திரும்பாமல் தேடினார். கீழே ஒரு நாசகாரிக் கப்பல் தனியாக முழு வேகத்தில் வடக்கே ஓடியது. நாட்டிலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியை அமுக்கி வைக்கப் பின்தங்கிய அராஷி அது. தன் கூட்டத்தைப் பிடிக்கத்தான் ஓடுகிறது என்று ஊகித்து அதே திசையில் போனார். போனால் நகுமோ.

அதே நிமிடத்தில் யார்க்டவுனின் விமானங்களும் தென்கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தது தற்செயல். ஆனால் நாட்டிலஸ் அங்கே இருந்தது தற்செயலா? மூன்று விமானந்தாங்கிகளும் சரியான இடத்தில் காத்திருந்தது? எல்லாம் அந்த நிலவறையிலிருந்து வந்தவை. துரதிர்ஷ்டமும் இவர்களுக்குக் குறைவில்லை. யார்க்டவுன் பிரிவின் தலைவர் மேக்ஸ் லெஸ்லி உட்பட நால்வரின் குண்டு, மின்பொத்தான் கோளாறால் வழியிலேயே கடலில் விழுந்தது. லெஸ்லி குண்டே இல்லாமல் முதல் ஆளாகப் பாய்ந்தார். என்டர்பிரைஸ் விமானங்களோ குழப்பத்தில் கிட்டத்தட்ட எல்லாமே காகாவின் மேலேயே விழுந்தன. டிக் பெஸ்ட் என்பவர் கடைசி நொடியில் சுதாரித்து, இரண்டு தோழர்களோடு மட்டும் அகாகி பக்கம் திரும்பினார். மூன்றே விமானம், ஒரே நேரடி அடி.

ஒரே குண்டுல அவ்ளோ பெரிய அகாகி எப்படி அழிஞ்சுது?

450 கிலோ குண்டு நடு லிஃப்ட் ஓரமாகத் துளைத்துக்கொண்டு போய்க் கொட்டடிக்குள் வெடித்தது. அங்கே எண்ணெய் நிரப்பி டார்பிடோ மாட்டிய விமானங்கள். அவசரத்தில் கழற்றிய தரைக்குண்டுகளும் கிடங்குக்குப் போகாமல் பக்கத்திலேயே கிடந்தன. குண்டு தீக்குச்சிதான், வெடிமருந்து கப்பலுடையது.

கட்டுமானமும் ஒரு காரணம். ஜப்பானியக் கொட்டடிகள் நாலு பக்கமும் மூடியவை. வெடித்தால் அழுத்தம் வெளியே போக வழியில்லை. அமெரிக்கக் கப்பல்களில் பக்கங்கள் திறந்திருக்கும். எரியும் விமானத்தைக் கடலில் தள்ளிவிடலாம். யார்க்டவுனில் தாக்குதல் வருமுன்பே பெட்ரோல் குழாய்களைக் காலிசெய்து கரியமில வாயு நிரப்பினார்கள். அகாகி கடைசிவரை மிதந்தது, எரிந்தபடியே. மறுநாள் விடிகாலை ஜப்பானியர்களே டார்பிடோ போட்டு மூழ்கடித்தார்கள்.

ஜப்பான் விமானங்க கிளம்ப ரெடியா மேல்தளத்துல நின்னப்போ அடி விழுந்துச்சாமே? இன்னும் அஞ்சு நிமிஷம் கிடைச்சிருந்தா கதையே வேறயாமே?

நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அகாகி மாதிரியில் முதலில் மேல்தளம் நிறைய விமானங்களை ஒட்டியும் வைத்தேன். இந்தக் கதையைப் பரப்பியவர் மிட்ஸுவோ ஃபுச்சிடா. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர், மிட்வேயின்போது குடல்வால் அறுவைசிகிச்சை முடிந்து அகாகியிலேயே இருந்தார். நேரில் பார்த்தவர் சொன்னால் யார் மறுப்பார்?

மறுத்தது ஜப்பானியர்களின் சொந்தப் பதிவேடுகள். எந்த நேரத்தில் எந்தக் கப்பலில் எந்த ஜீரோ இறங்கியது, ஏறியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடி விழுவதற்குச் சற்று முன்வரை தளம் ஜீரோக்களுக்கே ஓடிக்கொண்டிருந்தது. தாக்குதல் விமானங்கள் கீழே கொட்டடியில். மேலே பார்த்த பந்திக் கணக்குப்படி அவற்றைக் கிளப்ப ஐந்து நிமிடம் போதாது, முக்கால் மணியாவது வேண்டும். ஜப்பானில் இது வெகு காலமாகத் தெரிந்த விஷயம், ஆங்கிலத்தில் வந்து சேரத்தான் அரை நூற்றாண்டு ஆனது. நான் பிளேடால் சுரண்டி விமானங்களை எடுத்துவிட்டேன். பசைத்தடம் இன்னும் தெரிகிறது.

ஹிர்யூ தனியா என்ன பண்ணுச்சு?

விடவில்லை. முதலில் 18 குண்டுவீச்சு விமானங்களை அனுப்பியது. யார்க்டவுனில் மூன்று குண்டு. தீயை அணைத்து, கொதிகலனைச் சரிசெய்து, இரண்டு மணி நேரத்துக்குள் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்து வந்த பத்து டார்பிடோ விமானங்கள் புகை இல்லாமல் ஓடும் அதைப் பார்த்து இது வேறு கப்பல் என்று நினைத்து இரண்டு டார்பிடோ செருகின. ஹிர்யூக்காரர்கள் இரண்டு விமானந்தாங்கிகளை முடித்துவிட்டதாக நினைத்தார்கள். ஒன்றையே இரண்டு முறை அடித்திருந்தார்கள். இரண்டாம் தாக்குதலை நடத்திய டொமோனாகாவின் இறக்கை எண்ணெய்த் தொட்டி காலையிலேயே ஓட்டையாகியிருந்தது. திரும்பி வரமுடியாது என்று தெரிந்தே போனார்.

மாலை ஐந்து மணிக்கு டான்ட்லெஸ்கள் ஹிர்யூவைப் பிடித்தன. நான்கு குண்டு. யமகுச்சி கப்பலோடு இறங்க முடிவு செய்து அங்கேயே நின்றுவிட்டார். அன்று காலை அகாகியை அடித்த டிக் பெஸ்ட் மாலையிலும் போனார். கெட்டுப்போன ஆக்ஸிஜன் குப்பியின் வாயு நுரையீரலில் உறங்கிய காசநோயைக் கிளப்பிவிட, அதற்குப் பிறகு அவர் போரில் பறக்கவே இல்லை.

யார்க்டவுன் அப்போ விமானத்தால மூழ்கலையா?

இல்லை. ஜூன் 6 அன்று இழுத்துப் போகலாம் என்று பாடுபட்டுக்கொண்டிருக்கும்போது ஐ-168 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோ விட்டது. பக்கத்தில் ஒட்டி நின்ற ஹாமன் என்ற நாசகாரி சில நிமிடத்தில் போனது, யார்க்டவுன் மறுநாள் காலை. அமெரிக்கத் தரப்பில் இறந்தவர்கள் 307 பேர். ஜப்பான் தரப்பில் நான்கு விமானந்தாங்கிகள், மிக்குமா என்ற குரூஸர், 3,057 உயிர்கள்.

நீர்மூழ்கி என்றதும் ஒன்று. ஜூன் 4 பிற்பகல் நாட்டிலஸ் எரியும் காகாவின் மேல் டார்பிடோ விட்டது. அது கப்பலில் பட்டது, வெடிக்கவில்லை, இரண்டாக உடைந்தது. உடைந்த பின்பாதியைப் பிடித்துக்கொண்டு காகாவின் மாலுமிகள் சிலர் மிதந்தார்கள். அந்தக் கால அமெரிக்க டார்பிடோவின் லட்சணம் அப்படி.

பி-17 பெரிய விமானம்லாம் போச்சே, அதுங்க எத்தனை கப்பலை அடிச்சுது?

ஒன்றுமில்லை. ஆறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து குண்டு விழுவதற்குள் கப்பல் திரும்பிவிடும். ஆனால் விமானிகள் ஏகப்பட்ட வெற்றி சொன்னார்கள், பத்திரிகைகளும் முதலில் அவர்களையே கொண்டாடின. பொய் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு உயரத்திலிருந்து நீர்த்தூணும் தீயும் ஒன்றாகத்தான் தெரியும்.

தோத்தது ஜப்பான் ஜனங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. ஜூன் 10 அறிவிப்பில் அமெரிக்காவின் இரண்டு விமானந்தாங்கிகள் மூழ்கியதாகவும், தங்களுக்கு ஒன்று போய் ஒன்று பலத்த சேதம் என்றும் சொன்னார்கள். காயம்பட்டு வந்தவர்களை மருத்துவமனையில் யாரும் பார்க்க விடாமல் தனியே அடைத்தார்கள். மற்ற மாலுமிகளை வீட்டுக்கு விடாமல் வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள்.

ஜப்பானோட கைதேர்ந்த விமானிங்க எல்லாரும் மிட்வேயிலயே போயிட்டாங்க, அதான் அப்புறம் எழவே இல்ல. சரிதானே?

இல்லை. இறந்த விமானப் பணியாளர்கள் சுமார் 110 பேர், அதிலும் பெரும்பகுதி ஹிர்யூவைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் கப்பலிலிருந்து மீட்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் தென் பசிபிக்கின் குவாடல்கனால் தீவில் தொடங்கிய சண்டைதான் விமானிகளை மாதக்கணக்கில் அரைத்துத் தீர்த்தது. மிட்வேயில் போனவர்களில் ஈடுசெய்யவே முடியாதவர்கள் என்று நான் நினைப்பது கொட்டடிக்குள் எரிந்த மெக்கானிக்குகள். 700 பேருக்கு மேல். விமானியின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், ஸ்பேனர் பிடித்தவன் பெயர் இருக்காது.

டோனேயோட உளவு விமானம் அரை மணி லேட்டா கிளம்பாம இருந்திருந்தா ஜப்பான் ஜெயிச்சிருக்குமா?

கிடுக்கிப்பிடி கேள்வி. நாலரைக்குக் கிளம்ப வேண்டியது ஐந்துக்குக் கிளம்பியது. ஆனால் அது தன் பாதையிலும் சரியாகப் போகவில்லை, குறுக்கே திரும்பியது. நேரத்துக்குக் கிளம்பி, சொன்ன வழியில் போயிருந்தால் அது அமெரிக்கக் கப்பல்களைப் பார்த்திருக்குமா என்பதே சந்தேகம். தாமதமும் தவறும் சேர்ந்துதான் காட்டிக்கொடுத்தன என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பழிக்க வேண்டுமானால் சிக்குமா என்ற குரூஸரின் விமானத்தைப் பழிக்கலாம். அது அமெரிக்கக் கப்பல்களுக்குப் பக்கத்தில் பறந்தது, மேகத்துக்கு மேலே. ரேடாரும் இல்லை. எதையும் பார்க்கவில்லை.

அந்தக் கப்பல்லாம் இப்போ எங்க?

யார்க்டவுனை 1998 மே மாதம் கடலாய்வாளர் ராபர்ட் பலார்ட் கண்டுபிடித்தார், ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், நிமிர்ந்து உட்கார்ந்தபடி. காகாவையும் அகாகியையும் 2019 அக்டோபரில் பெட்ரல் என்ற ஆய்வுக் கப்பல் கண்டது. சோர்யூவும் ஹிர்யூவும் கண்ணில் படவில்லை. என் அலமாரியில் அந்த இரண்டைத்தான் கடைசி வரிசையில் வைத்திருக்கிறேன். குழந்தைகள் வந்தால் முதலில் அவற்றைத்தான் தொடுகிறார்கள்.